மூன்று பிடி பார்லி

அந்தக் காலத்தில் மிருகத்துக்கும் மனிதனுக்கும் ஒரே பேச்சுதான் இருந்தது. பேச்சு ஒன்றாக இருந்ததால் சண்டையும் ஒன்றாகத்தான் நடந்தது. வடக்கே, கோடையிலும் வெள்ளை விடாத மலைகளில், காக்கை மனிதனைத் திட்டும். மனிதன் மாட்டிடம் வழி கேட்பான். மாடு யோசித்துச் சொல்வதற்குள் பாதிப் பொழுது போய்விடும். அங்கே யாரும் யாருக்கும் எதையும் சும்மா கொடுத்ததில்லை. ஒரு வாய் வெந்நீர் என்றாலும் பேசித்தான் கொடுப்பார்கள், பேசித்தான் வாங்குவார்கள்.

அந்த மலைகளில் தர்கே என்று ஓர் உப்பு வியாபாரி இருந்தான். மேட்டு நிலத்து ஏரிக்கரையில் உப்பு வாரி, யாக் மாட்டின் முதுகில் ஏற்றி, கணவாயைத் தாண்டிக் கீழ்ப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய் பார்லிக்கு மாற்றுவான். அப்பன் அவனுக்கு விட்டுப்போனது ஒரு கிழிந்த கம்பளியும் ஒரு கைக்குழந்தைத் தம்பியும்தான். அந்தக் கம்பளியில் அந்தத் தம்பியைச் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு, பத்து வயதில் அடுத்தவன் மாட்டுக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தவன். ஈர உப்பைத் தலையில் கட்டினவன், அளக்கும்போது கட்டை விரலைப் படிக்குள் விட்டவன், பாதி வழியில் சோறு போடாமல் விரட்டினவன், இவர்களிடம்தான் அவன் பாடம் படித்தான். முப்பது வயதில் அவனை ஏமாற்ற அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. கோபம் மட்டும் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும்.

தம்பி பெயர் ரப்தன். அண்ணன் நெருப்பு என்றால் இவன் மோர். எதற்கும் சிரிப்பான். ஆனால் பேரத்தில் அண்ணனுக்கு வலது கை இவன்தான். இரண்டு பேருக்கும் பழகிப்போன ஆட்டம் ஒன்று இருந்தது. எதிராளி விலையில் பிடிவாதமாக நின்றால் தர்கே தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பான். உடனே ரப்தன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடப்பான். அண்ணன் பின்னால், முணுமுணுத்துக்கொண்டு, காதைப் பின்பக்கம் வைத்துக்கொண்டு, மெதுவாகப் போவான். முன்னால் போகிறவன் நிஜமாகவே போகிற மாதிரி இருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கவே கூடாது. பத்து எட்டு வைப்பதற்குள் பின்னாலிருந்து "சரி, வாங்கய்யா" என்று குரல் வரும். வராமல் இருந்ததே இல்லை.

கணவாய்க்குப் போகிற வழியில் பெரிய பனிச்சரிவு ஒன்று உண்டு. குழிந்து, வெள்ளையாக, வழவழவென்று இருக்கும். தயிர்ச்சட்டி என்று அதற்குப் பெயர். சட்டியின் விளிம்பில், கற்குவியலுக்குள் ஒரு கல்முயல் குடியிருந்தது. பெயர்தான் முயல். பார்க்க எலி மாதிரி இருக்கும், வால் கிடையாது, காது வட்டமாக, ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். குளிர்காலத்தில் மற்றதெல்லாம் தூங்கும். இது தூங்காது. கோடையில் புல்லை அறுத்துக் காயவைத்துக் குவித்து வைத்துக்கொண்டு, பனிக்கு அடியிலேயே வளை வெட்டிப் போய் வந்துகொண்டிருக்கும். அதனால் பனியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பது அதற்கு மட்டும்தான் தெரியும். மேலே நிற்கிறவனுக்கு வெள்ளைத்தோல் ஒன்றுதான் தெரியும்.

சரிவைத் தாண்டுகிறவர்கள் அதனிடம் கேட்டுவிட்டுத்தான் காலை வைப்பார்கள். கேட்பதற்குக் கூலி ஒரு சிட்டிகை பார்லி. தர்கேயும் எட்டு முறை கேட்டிருக்கிறான். எட்டு முறையும் அது உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "போ, ஒண்ணுமில்ல" என்றுதான் சொன்னது. ஒண்ணுமில்லை என்று கேட்பதற்கு ஒரு சிட்டிகையா என்று தர்கேக்கு ஒவ்வொரு முறையும் வயிறு எரியும். ஆனாலும் அந்தச் சின்னப் பிராணியோடு பேரம் பேசுவதில் அவனுக்கு ஒரு ருசி இருந்தது. போன வசந்தத்தில், வெயிலில் உட்கார்ந்து நல்ல மனநிலையில் இருந்தபோது, தொழில் ரகசியத்தையே அதற்குச் சொல்லிக்கொடுத்தான்.

"இந்தா பார், சுண்டைக்காய். பேரம் படியலேன்னா வாங்க வந்தவன் எழுந்து நடப்பான். அவன் முதுகைப் பார்த்து நீ மட்டும் வாயைத் திறந்துடாதே. முதல்ல கூப்பிடறவன் தோத்தான்."

கல்முயல் மீசையைத் தடவிக்கொண்டு அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டது. ரப்தன், "அண்ணே, நம்ம கத்தியை நாமே தீட்டி அடுத்தவன் கையில கொடுக்கறே" என்று சிரித்தான்.

அந்த வருஷம் ரப்தனுக்குக் கல்யாண நாள் குறித்தாயிற்று. பெண் கணவாய்க்கு அந்தப் பக்கம், கீழ்ப் பள்ளத்தாக்கில், யாங்டோல் என்று ஒருத்தி. தர்கே வாழ்க்கையில் பேரமே பேசாமல் ஒத்துக்கொண்டது அந்த ஒரு விஷயம்தான். பெண் வீட்டார் கேட்ட பச்சைக்கல் மாலைக்காக மூன்று வருஷம் உப்பு சுமந்தான். குளிர்காலத்து முதல் பௌர்ணமி மறுநாள் காலை முகூர்த்தம். அது தப்பினால் கணவாய் அடைத்துக்கொள்ளும், வசந்தம் வரை வழி கிடையாது. அதுவரை பெண்ணின் அப்பா காத்திருக்கமாட்டார். குதிரை வியாபாரி வீட்டிலிருந்து ஏற்கெனவே ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். தம்பிக்கு ஒரு வீடு அமைந்து, அடுப்பில் புகை வருவதைப் பார்த்துவிட்டால் முதுகில் கட்டிய அந்தக் கம்பளியை அவிழ்த்துவிடலாம் என்பது தர்கேயின் கணக்கு.

ஆனால் அந்த வருஷத்துப் பனி வேறு மாதிரி விழுந்தது. புல் காய்வதற்கு முன்னாலேயே ஒரு முழம் விழுந்து நின்றுவிட்டது. அப்புறம் ஒரு மாதம் மேகமே இல்லை. கல்லையும் பிளக்கிற குளிர். அதற்குப் பின் இரண்டு நாள் இடைவிடாமல் காற்று. மூன்றாம் நாள், அதாவது பௌர்ணமியன்று காலையில் காற்று நின்றதும், அண்ணனும் தம்பியும் மாட்டை ஓட்டிக்கொண்டு தயிர்ச்சட்டி ஓரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சரிவைத் தாண்டினால் மதியத்துக்குள் கீழே இறங்கிவிடலாம். மேலே மலை முதுகு வழியாகவும் ஒரு பாதை உண்டுதான், ஆனால் அது மேகத்துக்குள் இருந்தது. அங்கே இடுப்பளவு பனி கிடக்கும், இரண்டு நாள் பிடிக்கும் என்று தர்கே நினைத்தான்.

கல்முயல் வெளியே வந்தது. இளைத்துப் போயிருந்தது. அறுத்துப் போட்ட புல்லெல்லாம் காயாமலே பனிக்கடியில் அழுகிவிட்டதாம். மாப்பிள்ளைக்கு வாழ்த்துச் சொன்னது. அப்புறம், உள்ளே போய்ப் பார்த்துவிட்டேன், சொல்வதற்கு விஷயம் இருக்கிறது, ஆனால் இந்த முறை சிட்டிகை இல்லை என்றது.

"மூணு பிடி. ஆளுக்கு ஒண்ணு, மாட்டுக்கு ஒண்ணு."

தர்கேக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. கல்யாணக்காரன் அவசரத்தில் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டு குரல்வளையைப் பிடிக்கிற விலை இது. அவனும் இப்படி எத்தனையோ பேர் குரல்வளையைப் பிடித்தவன்தான், அதனால்தான் அது இன்னும் உறைத்தது. எட்டு முறை 'ஒண்ணுமில்ல' என்று சொல்லி வாங்கித் தின்றதை எல்லாம் சொல்லிக் காட்டினான். ஒரு சிட்டிகை என்று ஆரம்பித்தான். கல்முயல் மூன்று பிடி என்றது. இரண்டு சிட்டிகை. மூன்று பிடி. அரைப் பிடி, அதுவும் தம்பி முகத்துக்காக. கல்முயல் பின்கால்களில் உட்கார்ந்துகொண்டு, மூன்று பிடி என்றது. குளிர்காலம் முழுக்கக் குட்டிகளோடு தாண்ட வேண்டும், அதற்குக் கீழே முடியாது என்றது.

"சொல்றதுக்கு விஷயம் இருக்குன்னு சொல்லாத வியாபாரி எவன்?" என்றான் தர்கே. "நானும் இருபது வருஷமா அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

ரப்தன் அண்ணன் காதருகே வந்து, கொடுத்துத் தொலை அண்ணே, என் கணக்கில் வைத்துக்கொள் என்று சொன்னான். மூட்டையில் பார்லி இருந்தது. மூன்று பிடி போனால் மூட்டைக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் தர்கே தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டான்.

எழுந்துவிட்டால் ஆட்டம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ரப்தன் பெருமூச்சு விட்டுச் சிரித்தான். பச்சைக்கல் மாலை இருந்த பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, உப்பு மூட்டை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"எத்தனை எட்டுல கூப்பிடும்?" என்று மெதுவாகக் கேட்டான்.

"பத்து."

"நான் ஏழுன்னு சொல்றேன். தோத்தா கல்யாணத்துல நீ ஆடணும்."

தர்கே சரிவின் ஓரத்தில் காலால் ஓங்கி மிதித்துப் பார்த்தான். தளம் போட்ட மாதிரி கெட்டியாக இருந்தது. செருப்பின் தடம்கூட விழவில்லை. மாடு ஒரு குளம்பை வைத்தது, உடனே எடுத்துக்கொண்டது.

"சத்தம் சரியில்ல" என்றது மாடு. "உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி, மேளத்து மேல கால வச்ச மாதிரி கேக்குது."

"கல்யாண மேளம்னு நினைச்சுக்கோ" என்றான் தர்கே.

ரப்தன் நடந்தான். நிஜமாகவே போகிறவன் மாதிரி, விறுவிறுவென்று, அண்ணனுக்குக் கேட்கும்படி எண்ணிக்கொண்டே போனான். ஒன்று, இரண்டு, மூன்று. தர்கே மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுக்கிற மாதிரி நடித்துக்கொண்டு, ஓரத்திலேயே, காதைப் பின்பக்கம் வைத்துக்கொண்டு நின்றான். ஏழு. தம்பி தோற்றான். பத்து. பின்னாலிருந்து சத்தம் இல்லை. தர்கேக்கு ஓரத்துக் கண்ணில் கற்குவியல் தெரிந்தது. கல்முயல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. முன்கால்கள் இரண்டையும் வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. சொல்லிக்கொடுத்த பாடத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறது என்று அவனுக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் மெச்சல்.

பதினாறு, பதினேழு. சரிவுக்குள் கொஞ்ச தூரத்தில் கறுப்பாக ஒரு பாறை மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பேரத்தில் எழுந்து நடந்தவன் யாரும் அதுவரைக்கும் போனதில்லை, அதற்குள் பேரம் முடிந்திருக்கும். ரப்தன் அதன் பக்கத்தில் போய், ஒரு கணம் நின்றான். ஆட்டத்தின் விதியை மீறித் திரும்பிப் பார்த்தான். முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. போகட்டுமா, வரட்டுமா என்று புருவத்தால் கேட்டான்.

தர்கே கையை வீசினான். நட.

அந்த ஒரு கையசைப்புதான். ரப்தன் திரும்பி, இருபத்தொன்று என்றான். இருபத்திரண்டு என்றான்.

பின்னால் கல்முயல் வளையை விட்டு வெளியே பாய்ந்து, வெட்டவெளிப் பனியில் ஓடி வந்தது. அது வாயைத் திறந்ததைத் தர்கே பார்த்தான். அடக்கி வைத்திருந்த பேச்செல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்ததில், வார்த்தை என்று எதுவும் வெளியே வரவில்லை. ஊசி மாதிரி ஒரு கீச்சுக்குரல் வந்தது. அதே நேரத்தில் சரிவு மூச்சு விட்டது. பெரிய ஆள் ஒருவன் உட்காரும்போது விடுகிற மாதிரி, கனமாக, ஒரே ஒரு மூச்சு. மேலே, மலைத் தோளுக்குக் கீழே, நீளமாக ஒரு கோடு கிழிந்தது. தயிர்ச்சட்டியின் மேல்தோல் முழுவதும் பாளம் பாளமாக உடைந்து, ரப்தனையும் அவன் தோளில் இருந்த மூட்டையையும் சுமந்துகொண்டு கீழே போயிற்று.

தர்கே நின்ற இடத்துக்கு மூன்று முழம் தள்ளித்தான் அது அறுந்திருந்தது. ஆட்டத்தில் பின்தங்கி நிற்கிறவன் என்பதால் அவன் பிழைத்தான்.

பனித்தூள் அடங்கியதும் அவன் கீழே ஓடினான். தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். குவிந்து கிடந்த பனி கல்லாக இறுகியிருந்தது. கை நகம் பெயர்ந்தது. மாட்டின் முதுகிலிருந்து பார்லி அளக்கிற மரப்படியை எடுத்து அதைக்கொண்டு தோண்டினான். இங்கே தோண்டினான், அங்கே தோண்டினான். எங்கே என்று யாருக்குத் தெரியும்? கல்முயல் குவியலுக்குள் புகுந்தது. வேறு இடத்தில் வெளியே வந்து, மறுபடி புகுந்தது. தர்கே மூன்று இடத்தில் பள்ளம் வெட்டி முடித்த நேரத்தில், கொஞ்சம் கீழே ஓரிடத்தில் தலையை நீட்டிக் கீச்சிட்டது. அவன் அங்கே ஓடித் தோண்டினான். முதலில் உப்பு மூட்டை வந்தது. அப்புறம் தம்பியின் கை. முகத்தைச் சுற்றிலும், அவன் விட்ட மூச்சே உறைந்து, கண்ணாடிக் கிண்ணம் மாதிரி மூடியிருந்தது. அதை உடைத்துவிட்டுக் கன்னத்தைத் தேய்த்தான். வாயில் வாய் வைத்து ஊதினான். சின்ன வயதில் குளிரில் விறைத்தபோது செய்த மாதிரி, கம்பளியை விரித்துத் தன் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெயில் அந்தப் பள்ளத்துக்குள் வந்துவிட்டுப் போயிற்று. ரப்தன் உடம்பில் சூடு ஏறவே இல்லை.

எழுந்தபோதுதான் மேலே அறுந்திருந்த பனியின் விளிம்பு அவன் கண்ணில் பட்டது. சுவரை வெட்டிய மாதிரி நின்றது. மேலே ஒரு முழத்துக்குக் காற்று அடித்துக் கெட்டித்த பலகை. அதற்குக் கீழே, முதலில் விழுந்து குளிரில் காய்ந்த பனி, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், பரல் பரலாக. அவன் ஏறிப் போய்க் கையை விட்டு அள்ளினான். விரலிடுக்கில் சரசரவென்று ஓடிப் போயிற்று. கல்லுப்பு. அச்சு அசலாகக் கல்லுப்பு. காய்ந்த கல்லுப்புக் குவியலின் மேல் பலகையைச் சாய்த்து வைத்தால் நிற்காது என்பது அவனுக்கு முதுகுத்தண்டிலேயே தெரியும்; வாழ்நாளெல்லாம் அதைத்தான் வாரினான். இதைத்தான் கல்முயல் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தது.

மேகம் விலகியிருந்தது. மலை முதுகு முழுவதும் கறுப்பாகக் கல் தெரிந்தது. இரண்டு நாள் காற்று மேலே இருந்த பனியை எல்லாம் வாரிக்கொண்டு வந்து இந்தச் சட்டியில் கொட்டிவிட்டு, அந்தப் பாதையைத் துடைத்து வைத்திருந்தது. இரண்டு நாள் வழி என்று அவன் நினைத்தது அரை நாள் வழியாகக் கிடந்தது.

அவன் கல்முயலின் முன்னால் வந்து உட்கார்ந்தான். மேல் வழியாகப் போ என்றுதான் சொல்ல இருந்தாயா என்று கேட்டான். அது வாயைத் திறந்தது. கீச்சென்றது. மறுபடி முயன்றது. மறுபடியும் கீச்சென்றது. தன் குரலைத் தானே கேட்டுவிட்டு, முன்கால்களால் வாயைத் தடவிப் பார்த்துக்கொண்டது. மற்ற மிருகங்கள் பேச்சை இழந்ததெல்லாம் பின்னால், வேறு வேறு காரணங்களால். கல்முயலுக்கு அன்றே போய்விட்டது.

தர்கே மூட்டையை அவிழ்த்து, பார்லி முழுவதையும் அதன் வளை வாசலில் கொட்டினான். அது ஒரு மணியைக்கூடத் தொடவில்லை.

தம்பியை மாட்டின் மேல் ஏற்றிக் கட்டி, மலை முதுகு வழியாக நடந்தான்.  ஏற்றத்தில், கயிறு அழுத்துகிறதா என்று தர்கே கேட்டதற்கு, "கனமே இல்ல" என்றது மாடு.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் கீழ்க் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு ஓர் இரவு மிச்சம் இருந்தது. மாட்டின் மணிச்சத்தம் கேட்டதும் பெண் வீட்டு வாசலில் எல்லோரும் கூடினார்கள். யாரோ மேளத்தைக்கூட ஒரு தட்டுத் தட்டிவிட்டார்கள். அப்புறம் மாட்டின் முதுகைப் பார்த்ததும் அது நின்றது.

யாங்டோல் வெளியே வந்தாள். அழவில்லை. தர்கே அவள் முகத்தைப் பார்க்காமல், ஒன்றையும் மறைக்காமல், கையை வீசியது வரைக்கும் சொன்னான். பச்சைக்கல் மாலையை எடுத்து அவள் காலடியில் வைத்தான். அவள் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

"எவ்வளவு கேட்டுச்சு மாமா?" என்றாள்.

"மூணு பிடி."

அவள் வீட்டுக்குப் பின்னால் கைகாட்டினாள். அந்த வருஷத்து விளைச்சல், கல்யாணப் பந்திக்கென்று, ஆள் உயரத்துக்கு மூட்டை மூட்டையாக அடுக்கி இருந்தது.

"இங்க எவ்வளவு கெடக்கு பாருங்க" என்றாள். "என் கணக்குல கொடுத்திருக்கலாமே."

அதே வார்த்தையைக் காலையில் தம்பியும் சொன்னான். தர்கே அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். 

அதற்குப் பின் அவன் உப்பு வாரவில்லை என்றும், தயிர்ச்சட்டியின் ஓரத்திலேயே ஒரு கல்குடிசை போட்டுக்கொண்டான் என்றும் சொல்வார்கள். சரிவுக்கு வந்த வியாபாரிகளை நிறுத்தி வைத்து, தான் முதலில் நடந்து பார்த்துவிட்டு, அப்புறம் ஒருவர் பின் ஒருவராக அனுப்பினானாம். தம்பியை முன்னால் விடுகிற அண்ணனைக் கண்டால் அடிக்கவே போவானாம். அவன் குடிசையும் ஒரு குளிர்காலத்தில் பனியோடு போயிற்று. அவன் வைத்துவிட்டுப் போன முறை மட்டும் நின்றுவிட்டது. இன்றைக்கும் அந்த மலைகளில் பனிச்சரிவைத் தாண்டும்போது மூத்தவன்தான் முன்னால் போகிறான். இளையவன் ஓரத்தில் நின்று, மூத்தவன் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து கையைத் தூக்கிய பிறகே காலை வைக்கிறான். ஓரத்துக் கற்குவியலில், யாரும் கேட்காமலே, மூன்று பிடி பார்லி வைத்துவிட்டுத்தான் போகிறார்கள். அந்த இடத்தில் யாரும் எதற்கும் பேரம் பேசுவதில்லை.

கல்முயலும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. சரிவின் பக்கம் ஒரு தலை தெரிந்தால் போதும். வியாபாரியோ, கள்ளனோ, ஓநாயோ, யாராக இருந்தாலும் சரி, வளையை விட்டு வெளியே ஓடிவந்து ஊசிக் குரலில் கத்துகிறது. வந்தவன் வைத்த காலைப் பின்னால் எடுக்கும்வரை கத்துகிறது. முதலில் கூப்பிடுகிறவன் தோற்றான் என்று ஒருவன் சொல்லிக்கொடுத்ததை அது மறக்கவில்லை. மறக்காததால்தான், அந்த நாளிலிருந்து இந்த நாள்வரை, ஒவ்வொரு முறையும் அதுவே முதலில் கூப்பிடுகிறது.